மீன் கடைக்கு ஏது லெட்டர்பேட்

ஆறாவது செமஸ்டரின் முதல் வாரத்தில் எங்கள் கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். ப்ராஜெக்ட் பாடத்துக்கான விதிமுறைகள். இரண்டு பக்கம். வருகைப்பதிவைப் பற்றி ஒன்றே கால் பக்கம், மதிப்பெண்ணை எப்படிப் பிரிப்பார்கள் என்று மீதி முக்கால் பக்கம். ப்ராஜெக்ட் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அன்றைக்கு அதை யாரும் கவனிக்கவில்லை. நானும்தான். தாளை மடித்து நோட்டுக்குள் செருகிவிட்டு கேன்டீனுக்குப் போனேன். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருக்கிற தனியார் பொறியியல் கல்லூரிகளில் ஒன்று அது. எது என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அது மட்டும்தான் அப்படி என்று ஆகிவிடும்.

ப்ராஜெக்ட்டுக்கு மூன்று பேர் ஒரு குழு. எங்கள் குழுவில் நான், என் தோழி, ஒரு பையன். நான் சேலையூரிலிருந்து வருகிறவள். அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. தோழி கோவளத்து மீனவர் குடும்பம். கேளம்பாக்கம் வந்து, அங்கிருந்து வண்டலூர் பஸ் பிடித்து, இரண்டாவது பஸ்ஸில் எப்போதும் நின்றுகொண்டே வருவாள். மூன்றாவது ஆளான அந்தப் பையன் நல்லவன்தான். கெட்டவன் என்று சொல்ல அவன் எதுவும் செய்யவில்லை. நல்லதாகவும் எதுவும் செய்யவில்லை. தினமும் வந்தான், வருகைப்பதிவு மிஷினில் விரலை வைத்தான், லேபின் கடைசி மேசையில் உட்கார்ந்து போனில் கேம் விளையாடினான்.

யோசனை தோழியுடையது. அவளுடைய சித்தி விடியற்காலை கரையில் மீன் எடுத்து, ஷேர் ஆட்டோவும் பஸ்ஸுமாக மாறி மாறி மேற்குத் தாம்பரம் மார்க்கெட் பக்கம் கொண்டுவந்து விற்கிறவர். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்தாலும் பத்து மணிக்கு மேல் மீன் சொதசொதவென்று ஆகிவிடும். அதற்கு மேல் வந்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். "கரெண்ட் இல்லாம, ஒரு பொம்பள தூக்கிகினு பஸ் ஏர்ற மாதிரி, மதியம் வரிக்கும் தாங்குற பெட்டி. அவ்ளோதான்" என்றாள் தோழி. எனக்கு உடனே பிடித்துப்போனது. வெப்பத்தை அளக்கிற சென்சார் வைத்து, மீன் நன்றாக இருந்தால் பச்சை, கெட ஆரம்பித்தால் சிவப்பு என்று விளக்கு எரியவிடலாம் என்று நான் சொன்னேன். விளக்கில்லாத ப்ராஜெக்ட்டுக்கு எங்கள் கல்லூரியில் மார்க் விழாது.

முதல் பெட்டியை எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலை மார்க்கெட்டுக்குப் போனோம். சித்தி எங்களைப் பார்த்துச் சிரித்தார். பெட்டிக்குள் சங்கராவையும் காணாங்கத்தையையும் அடுக்கினார். அரை மணிக்கு ஒரு தடவை நான் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டேன். பச்சை விளக்கு அழகாக எரிந்தது.

பத்தரை மணிக்குச் சித்தி கையை உள்ளே விட்டு ஒரு மீனைத் தூக்கினார். செவுள் வெளுத்திருந்தது. விளக்கு இன்னும் பச்சைதான்.

"இன்னாமே உங்க லைட்டு? மீனு செத்து சுண்ணாம்பு ஆயி கீது, அது பச்சயா எரிஞ்சிகினு கீது?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. தோழி குனிந்து பெட்டிக்குள் பார்த்தாள். குளிர்ச்சி இருந்தது. ஆனால் உருகின ஐஸ் தண்ணீர் அடியில் தேங்கி, அடி வரிசை மீன் எல்லாம் அதில் ஊறிக் கிடந்தது.

"லைட்டு வோணாம் கண்ணு" என்றார் சித்தி. "தண்ணி கீழ எறங்கணும். மீனு தண்ணில நின்னா அது மீனு இல்ல, சோப்பு."

இந்த ஒரு வாக்கியம் எங்கள் லேபில் கிடைத்திருக்காது. அங்கே இருந்த எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அன்றைக்கே பெட்டியின் வடிவத்தை மாற்றினோம். அடியில் உயர்த்தி வைத்த ஒரு சல்லடைத் தட்டு, அதற்குக் கீழே தண்ணீர் இறங்க இடம், பக்கத்தில் திறந்து மூட ஒரு குழாய். அதன் பிறகு பெட்டியின் கனம், மூடி திறக்கிற விதம், பஸ்ஸில் தண்ணீர் சிந்தினால் கண்டக்டர் இறக்கிவிடுவார் என்கிற விஷயம் எல்லாவற்றையும் அங்கே நின்றுதான் கற்றுக்கொண்டோம்.

எங்கள் ப்ராஜெக்ட் நேரம் திங்கள், புதன், வெள்ளி. காலை எட்டே முக்கால் முதல் பன்னிரண்டே கால் வரை. லேப் வாசலில் மிஷின். உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை விரல் வைக்க வேண்டும். அதாவது, ப்ராஜெக்ட்டுக்காக ஒதுக்கிய நேரத்தில் நாங்கள் ப்ராஜெக்ட் செய்தோம். அதற்கு ஆப்சென்ட் போட்டார்கள்.

பாடத்தின் பொறுப்பாளராக இருந்த பேராசிரியரிடம் போனோம்.

"ஏம்மா, சண்டே போக வேண்டியதுதானே?" என்றார்.

"சண்டே ஒன்பதரைக்கெல்லாம் மீன் தீர்ந்துடும் சார்" என்றாள் தோழி. "மீன் நிக்கிறது மண்டே, ஃப்ரைடேதான். வெள்ளிக்கிழம போணியே ஆகாது. அன்னிக்கி பாத்தாதான் பெட்டி தாங்குதா இல்லியான்னு தெரியும்."

அவர் அதைக் கேட்டாரா என்று தெரியவில்லை. மேசை டிராயரைத் திறந்து ஒரு படிவம் எடுத்து நீட்டினார். ஓ.டி. படிவம். வெளியே வேலையாகப் போனால் வருகை கொடுப்பதற்கானது. "எந்த ஆர்கனைசேஷன்ல வொர்க் பண்றீங்களோ அவங்ககிட்ட ஒரு லெட்டர் வாங்கி இதோட வெச்சுக் குடுங்க. பாத்துக்கலாம்."

அன்று சாயங்காலமே நான் ஒரு கடிதம் டைப் செய்தேன். தமிழில், மரியாதையாக. இன்னின்ன நாட்களில் இந்த மாணவிகள் என் கடைக்கு வந்து பெட்டியைச் சோதனை செய்தார்கள் என்று. அடுத்த முறை போனபோது சித்தி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, என் பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். எழுதி முடித்துவிட்டு ஒருமுறை படித்தும் பார்த்தார்.

பேராசிரியர் அந்தத் தாளை இரண்டு விரலால் வாங்கினார். மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது, மீன் வாடை அடிக்குது? இத ஃபைல்ல வெச்சா என் ரூமே நாறும்."

அறையில் இருந்த லேப் உதவியாளர்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஒரு நகைச்சுவை சொன்ன திருப்தி அவர் முகத்தில் இருந்தது. பிறகு குரலை மாற்றிக்கொண்டு, "லெட்டர்பேட் வேணும்மா. கம்பெனி பேரு, அட்ரஸ், சீல். சைன் பண்ணவரோட டெசிக்னேஷன். இதெல்லாம் இல்லாம ஓ.டி. எப்படிக் குடுக்குறது? நாளைக்கு ஆடிட் வந்தா நான்தானே பதில் சொல்லணும்?" என்றார்.

"மீன் கடைக்கு ஏது சார் லெட்டர்பேட்?" என்றேன் நான்.

"அப்போ ஓ.டி. கிடையாது."

தோழி கையை நீட்டித் தாளை வாங்கினாள். மடிப்புக் கலையாமல் நான்காக மடித்தாள். அதைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். வெளியே வந்ததும் அவளிடம் நான் பொரிந்து தள்ளினேன். அவள், "வுடு, பஸ் போயிடும்" என்றாள்.

அதே வாரம் இன்னொரு குழுவுக்குப் பன்னிரண்டு நாள் ஓ.டி. கிடைத்தது. அவர்களில் ஒருவனுடைய மாமா ஒரு கம்பெனி வைத்திருந்தார். வழவழப்பான லெட்டர்பேட், நீல மையில் சீல், மேனேஜிங் டைரக்டர் என்று பதவி. அந்தப் பன்னிரண்டு நாளில் ஒரு நாள்கூட அவர்கள் கம்பெனிப் பக்கம் போகவில்லை. எங்களுக்கு அது தெரியும். வகுப்புக்கே தெரியும். அவர்கள் மீதுகூட எனக்குப் பெரிதாகக் கோபம் இல்லை. கேட்டதைக் கொடுத்தார்கள். கேட்டது காகிதம்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் நான் யோக்கியம் என்று ஆகிவிடும்.

எங்கள் போனில் வருகை சதவீதம் காட்டுகிற ஆப் ஒன்று இருந்தது. எழுபத்தைந்துக்குக் கீழே போனால் இறுதி ரிவ்யூவுக்கு விடமாட்டார்கள், டிடெய்ன், அடுத்த வருடம் ஜூனியர்களோடு மறுபடி அந்தப் பாடம். எனக்குச் செமஸ்டர் தொடக்கத்தில் மூன்று நாள் காய்ச்சல். மார்க்கெட்டுக்குப் போனது ஆறு நாள். ஒன்பது ஆப்சென்ட் ஆனதும் நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "இனிமே நான் லேப்ல இருந்து ரிப்போர்ட் எழுதறேன். நீ ரீடிங் எடுத்து அனுப்பு" என்று தோழியிடம் சொன்னேன். வேலையைப் பிரித்துக்கொள்வது போலச் சொன்னேன். அவள் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு, "சரி" என்றாள். அதற்குப் பிறகு ஏழு காலைகள் அவள் தனியாகப் போனாள். அவள் அனுப்பிய எண்களை நான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அட்டவணையில் நிரப்பினேன். எனக்கு அதற்கு வருகை விழுந்தது.

ஒரு நாள் அவள் மார்க்கெட்டில் பெட்டியை மட்டும் இறக்கி வைத்துவிட்டு, ஓடி வந்து எட்டு நாற்பதுக்கு மிஷின் முன்னால் நின்றாள். ஐஸிலும் உப்புத் தண்ணீரிலும் ஊறின விரல். மிஷின் ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள். ஏற்கவில்லை. வேறு விரல் வைத்தாள். பின்னால் வரிசை கத்தியது. எட்டே முக்காலுக்கு மிஷின் மூடிக்கொண்டது. அன்றைக்கு முழுவதும் அவள் லேபில், என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேராசிரியர் இரண்டு முறை அவளைத் தாண்டிப் போனார். அன்றைக்கும் ஆப்சென்ட்.

செமஸ்டர் முடிவில் பட்டியல் ஒட்டினார்கள். அந்தப் பையனுக்குத் தொண்ணூற்றாறு. எனக்கு எண்பது. தோழிக்கு அறுபத்தெட்டு. பெயருக்கு எதிரே சிவப்பு மை.

பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு இரக்கமாகத்தான் பேசினார். அதை நான் மறுக்கவில்லை. "அறுபத்தஞ்சுக்கு மேல இருக்கறதால மெடிக்கல்ல கவர் பண்ணலாம்மா. ஏதாவது க்ளினிக்ல மஞ்சக்காமாலைன்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடு. எல்லாரும் அதான் பண்றாங்க."

"எனக்கு மஞ்சக்காமால வரல சார்."

"தெரியும்மா. ஃபார்மாலிட்டிக்கு."

"நான் வேல செஞ்சேன்னு சொன்னா ஆப்சென்ட்டு. சீக்காளின்னு சொன்னா ப்ரெசென்ட்டா சார்?"

அவரை எதிர்த்து அவள் பேசி நான் அதுவரை கேட்டதில்லை. அவர் முகம் மாறிவிட்டது. "உன் நல்லதுக்குத்தான் சொன்னேன். அப்புறம் உன் இஷ்டம்."

அவள் சர்டிபிகேட் வாங்கவில்லை. நானும் அந்தப் பையனும் இறுதி ரிவ்யூவில் பெட்டியைப் பற்றிப் பேசினோம். எண்கள் அவளுடையவை, படங்கள் அவள் எடுத்தவை. ஒரு படத்தில் ஓரத்தில் அவள் முழங்கை தெரிந்தது. வருகைக்குப் பத்து மார்க், ப்ராஜெக்ட் டைரிக்குப் பத்து மார்க், மீதி ரிவ்யூக்களுக்கு. இருவருக்கும் ஓ கிரேடு. அதற்கு மேல் கிரேடு கிடையாது. அந்தப் பையன் எனக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்தான். நான் அதைத் தின்றேன். இதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

அடுத்த செமஸ்டரில், கல்லூரியின் தரத்தை ஆய்வு செய்ய வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். கழிப்பறைக்குக் கதவு போட்டார்கள். நல்ல ப்ராஜெக்ட் என்று பத்தைப் பொறுக்கி எடுத்து மேசை மேசையாக வைத்தார்கள். எங்கள் மீன் பெட்டியும் அதில் ஒன்று. முந்தின நாள் ஒத்திகையில் பேராசிரியர் கேட்ட மூன்றாவது கேள்விக்கே நானும் அந்தப் பையனும் விழித்தோம். மறுநாள் காலையில் போனால், மேசைக்குப் பின்னால் லேப் கோட்டு போட்டுக்கொண்டு தோழி நிற்கிறாள். அவரே போன் செய்து வரவழைத்திருக்கிறார்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. அவளிடம் எதுவும் கேட்கக்கூட நேரமில்லை. குழு உள்ளே வந்துவிட்டது.

கழுத்தில் கண்ணாடி தொங்கவிட்ட ஒரு பெரியவர் எங்கள் மேசைக்கு வந்தார். தோழி மூடியைத் திறந்து காட்டிச் சொன்னாள். திக்காமல், பயமில்லாமல், தான் செய்த வேலையைச் சொல்கிறவர்கள் சொல்கிற மாதிரி. பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து சல்லடைத் தட்டைத் தொட்டுப் பார்த்தார்.

"இந்தத் தட்டு யாரோட ஐடியா?"

"எங்க சித்தியோடது சார். அவங்க மீன் விக்கிறாங்க."

அவர் சிரித்தார். நிஜமாகவே சந்தோஷப்பட்ட சிரிப்பு. "வெரி குட். என்ன கிரேடு வாங்குனே?"

பக்கத்தில் நின்ற பேராசிரியர் முந்திக்கொண்டார். "இந்த டீம் ஓ கிரேடு சார்."

தோழி வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

"எங்க ரெண்டு பேருக்குத்தான் சார் ஓ. இவளுக்கு கிரேடே இல்ல. அட்டென்டன்ஸ் இல்லன்னு டிடெய்ன் பண்ணிட்டாங்க. இந்தப் பெட்டிய மார்க்கெட்ல வெச்சு டெஸ்ட் பண்ணப் போன நாளுக்கெல்லாம் ஆப்சென்ட் போட்டாங்க. லெட்டர் குடுத்தோம், மீன் வாடை அடிக்குதுன்னு திருப்பிக் குடுத்தாங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பேராசிரியரின் நெற்றியில் வியர்வை. ஒரு பெரிய கதவை உதைத்துத் திறந்துவிட்டேன் என்று அந்த நிமிடம் நினைத்தேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். பேராசிரியரைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மறுபடி கழுத்தில் தொங்கவிட்டார். "இதெல்லாம் உங்க இன்டெர்னல் மேட்டர்மா" என்றார். அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அவ்வளவுதான்.

குழு கீழே போனதும் தோழி கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். மாடிப்படியில் திரும்பி நின்றாள். கண் சிவந்திருந்தது.

"உன்ன யாரு பேச சொன்னா?"

"அவரு பொய் சொல்றாருடி. உன் வேலைய..."

"காலைல என்னான்ட இன்னா சொன்னாரு தெரியுமா? இன்னிக்கி நல்லா பேசிக் குடு, பழய தேதி போட்டு பதிமூணு நாளுக்கும் ஓ.டி. குடுத்துர்றேன், எச்.ஓ.டி.யாண்ட பேசிட்டேன்னாரு. சித்தி லெட்டரே போதும், எட்தாந்தியான்னு கேட்டாரு. எட்தாந்தேன். பையில கீது."

ஜிப்பைத் திறந்து, நான்காக மடித்த அந்தத் தாளைக் காட்டினாள்.

"அது பொய் கணக்கு இல்ல. நான் போன நாளு. எனக்கு சேர வேண்டியது. கெடச்சிருக்கும். நீ கத்துனா உனக்கு ஆறிடும். எனக்கு ஒரு வருஷம் போவுது."

அவள் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த வருகைத் தாள்களுக்குச் சீல் வேண்டியதில்லை, பதவி வேண்டியதில்லை, வாடைகூட ஒரு பொருட்டில்லை. அவர்களுக்குத் தேவைப்பட்டால் போதும். அது எனக்கு அந்தப் படிக்கட்டில்தான் உறைத்தது. அவள் மேல் கோபப்பட எனக்கு எதுவும் இல்லை. நான் பேராசிரியரின் அறைக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குக் கொடுக்கச் சொன்னேன். கெஞ்சினேன். "எந்த ஓ.டி.? நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லலையே" என்றார். நாற்காலியைத் திருப்பிக் கம்ப்யூட்டரைப் பார்க்க ஆரம்பித்தார்.

வேலைக்கு ஆள் எடுக்க வந்த கம்பெனிகளின் தேர்வில் அவளை உட்கார விடவில்லை. டிடெய்ன் ஆனவர்களுக்கு அனுமதியில்லை என்பது இன்னொரு விதி. எனக்கு வேலை கிடைத்தது. அந்த நேர்காணலில் என்னிடம் மீன் பெட்டியைப் பற்றித்தான் கேட்டார்கள்.

எட்டாவது செமஸ்டரில் அவள் ஜூனியர்களோடு அந்தப் பாடத்தை மறுபடி படித்தாள். படித்தாள் என்பது தப்பான வார்த்தை. பல மாதம் அவள் என்னோடு பேசவில்லை. படிப்பு முடிந்து ஜூலையில், தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் தற்செயலாகப் பார்த்தேன். அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ரயில் வரும்வரை பேசினோம்.

"எந்த ப்ராஜெக்ட் பண்ண?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல. ஒரு டீம்ல பேரு சேத்துகினாங்க. தெனம் வந்து வெரல வெச்சேன். உக்காந்தேன். மூணரை மணி நேரம். ஜூனியருங்க வந்து டவுட் கேட்டா தெரியாதுன்னு சொல்லிட்டேன். திரும்ப வெரல வெச்சிட்டு வூட்டுக்குப் பூட்டேன்."

"கிரேடு?"

"ஏ ப்ளஸ். அட்டென்டன்ஸ் நூறு. கடைசி நாளு அந்தாளு எல்லார் முன்னாடியும் எழுப்பி நிக்க வெச்சி, 'இப்பதான் இந்தப் பொண்ணு சின்சியர் ஆயிருக்கு'ன்னாரு. கை தட்டுனாங்க."

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. பிளாட்பாரத்தில் இருந்த இரும்புத் தூணைக் கையால் ஓங்கிக் குத்தினேன். விரல் முட்டி தோல் உரிந்து ரத்தம் வந்தது. அவள் என் கையைப் பிடித்து, தண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவிவிட்டாள்.

"உனக்கு இன்னும் ஆறலியா?" என்றாள்.

"இல்ல."

"எனக்கும்தான்" என்றாள். பாட்டிலை மூடிப் பையில் வைத்தாள். பல்லாவரம் பக்கம் ஒரு தோல் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலைக்கு நேர்காணல் என்று சொன்னாள். ரயில் வந்தது. அவளுக்கு அந்த வேலை கிடைத்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.